உக்கியோ-எ பாணியில் செயற்கை நுண்ணறிவுப் படங்கள்

உக்கியோ-எ என்பது ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) செழித்த மரப்பலகை அச்சோவியம். ஓவியர் வரைவார், செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் கோடுகள் புடைத்து நிற்கச் செதுக்குவார், அச்சிடுபவர் பலகை பலகையாக நிறங்களை ஒற்றுவார். 1831 வாக்கில் ஹொகுசாய் படைத்த ‘பேரலை’ இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது.

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உக்கியோ-எ பாணியின் கரிய எல்லைக்கோட்டையும் நிழலற்ற தட்டை நிறத்தையும் எளிதில் பிடித்துக்கொள்கின்றன.

2024இல் டோக்கியோவின் சகானா ஏஐ நிறுவனம், ரிட்சுமெய்கன் பல்கலைக்கழகக் கலை ஆய்வு மையத்திடம் உள்ள சுமார் 24,000 அச்சோவியப் படிமங்களால் பயிற்றுவித்த ‘ஈவோ-உக்கியோஎ’ மாதிரியை வெளியிட்டது. உடன் வந்த ‘ஈவோ-நிஷிகிஎ’, ஒற்றை நிறத்தில் அச்சான பழைய நூல்களின் படங்களுக்குப் பல வண்ணம் ஏற்றுகிறது.

கையால் ஒற்றும் அசல் அச்சிலோ, வானத்து நீலம் மெல்லக் கரையும் ‘பொகாஷி’ நுட்பத்தில், ஈரப் பலகையில் தூரிகையால் மை மெலிதாக்கப்படும். அச்சிடுபவரின் கைப்பதத்துக்கேற்ப அது பிரதிக்குப் பிரதி சற்றே மாறும்.