வீட்டுக்கடன் தவணைத் தவறுகை (இந்தியா)

வீட்டுக்கடன் தவணைத் தவறுகை என்பது வீட்டை அடமானமாக வைத்து வங்கியிடமோ வீட்டுவசதி நிதி நிறுவனத்திடமோ கடன் பெற்ற ஒருவர், ஒப்புக்கொண்ட மாதத் தவணையை உரிய நாளில் செலுத்த இயலாத நிலையைக் குறிக்கும். இந்தியாவில் முதல் தவணை தவறுவதற்கும் வீடு ஏலம் போவதற்கும் இடையே பல படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் கடனாளிக்குச் சில உதவிகளும் உரிமைகளும் உண்டு. அடுத்த படிக்குச் செல்லும்போது அவற்றுள் சில இழக்கப்படுகின்றன. ஆகவே எந்த உதவி எந்தக் காலகட்டத்தில் கிடைக்கும் என்பது இத்துறையில் முதன்மையான செய்தியாகும்.

பின்னணி

வீட்டுக்கடன் பெரும்பாலும் 15 முதல் 30 ஆண்டுகளுக்குச் சமமான மாதத் தவணைகளில் (இ.எம்.ஐ.) திருப்பிச் செலுத்தப்படுகிறது. தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே செல்லும். எடுத்துக்காட்டாக, 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்ற 30 இலட்சம் ரூபாய் கடனுக்கு மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய் ஆகும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 15.6 இலட்சம் ரூபாய் செலுத்தப்பட்டாலும் அசல் சுமார் 3.6 இலட்சம் மட்டுமே குறைந்திருக்கும். கடனின் தொடக்கக் காலத்தில் வருமானம் தடைப்படுவது கடுமையான இடரை உண்டாக்குவதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாடு உட்படப் பல இடங்களில், மூலப்பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைப்பதன் வழியாகவே அடமானம் ஏற்படுத்தப்படுகிறது. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதனை ஏற்கிறது.

காரணங்கள்

தவணை தவறுவதற்கான பொதுவான காரணங்கள்:

* வேலை இழப்பு, தொழில் நட்டம்
* நோய், விபத்து, குடும்பத்தில் பொருள் ஈட்டுபவரின் இறப்பு
* மணமுறிவு, இணைக் கடனாளி விலகுதல்
* கட்டுநர் வீட்டை ஒப்படைக்கக் காலம் தாழ்த்துவதால் வாடகையும் தவணையும் ஒருங்கே சுமையாதல்
* மாறும் வட்டி உயர்தல்

அக்டோபர் 1, 2019 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட்டுள்ளன. மே 2022 இல் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம் பிப்ரவரி 2023 இல் 6.5 விழுக்காட்டை எட்டியபோது பலருடைய தவணைத் தொகையோ கடன் காலமோ கூடியது.

நிலுவையின் படிநிலைகள்

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தவணை நிலுவையில் உள்ள நாட்களைக் கொண்டு கணக்கு வகைப்படுத்தப்படுகிறது.

* 30 நாட்கள் வரை: சிறப்புக் கவனிப்புக் கணக்கு 0
* 31 முதல் 60 நாட்கள்: சிறப்புக் கவனிப்புக் கணக்கு 1
* 61 முதல் 90 நாட்கள்: சிறப்புக் கவனிப்புக் கணக்கு 2
* 90 நாட்களுக்கு மேல்: செயற்படாச் சொத்து (வாராக்கடன்)

இவற்றுள் 90 ஆம் நாள் முக்கியமான எல்லையாகும். அதற்குப் பின்னரே அடமானச் சொத்தின் மீது கீழே விளக்கப்படும் சட்ட நடவடிக்கையைத் தொடங்க முடியும். நவம்பர் 2021 இல் ரிசர்வ் வங்கி அளித்த விளக்கத்தின்படி, செயற்படாச் சொத்தாகிவிட்ட கணக்கை மீண்டும் இயல்பு நிலைக்குக் கொண்டுவர, நிலுவையில் உள்ள அசல், வட்டி முழுவதையும் செலுத்த வேண்டும். ஒன்றிரண்டு தவணைகளை மட்டும் செலுத்துவது போதாது.

தவணைத் தவறுகை, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டிலும் இடம்பெறும். இணைக் கடனாளியின் பதிவும் பாதிக்கப்படும். பிணையாளர் கையொப்பமிட்டிருந்தால், 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அவருடைய பொறுப்பும் கடனாளியின் பொறுப்புக்கு இணையானது.

கடன் வழங்கியோரிடம் பெறக்கூடிய உதவிகள்

பின்வரும் வழிகளுள் பெரும்பாலானவை கணக்கு செயற்படாச் சொத்தாகும் முன்னரே எளிதில் கிடைப்பவை. இவற்றைக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகையை வாங்கிக்கொள்வது பின்னாளில் தீர்ப்பாயத்திலும் சான்றாகப் பயன்படும்.

கால நீட்டிப்பு: கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைத்தல். மேற்கூறிய கடனில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எஞ்சிய 15 ஆண்டுகளை 20 ஆண்டுகளாக நீட்டித்தால், தவணை சுமார் 22,950 ரூபாயாகக் குறையும். ஆயினும் மொத்தத்தில் ஏறத்தாழ 8.2 இலட்சம் ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரிடும். ஆகஸ்ட் 18, 2023 அன்று வெளியான சுற்றறிக்கையின்படி, மாறும் வட்டி உயரும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, இரண்டையும் செய்வதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கடனாளிக்கு அளிக்கப்பட வேண்டும். தவணைத் தொகை வட்டிக்கே போதாமல் கடன் வளரும்படி காலத்தை நீட்டிக்கக் கூடாது.

மறுசீரமைப்பு: தவணையைச் சில மாதங்கள் ஒத்திவைத்தல், வட்டியைக் குறைத்தல், நிலுவையை அசலுடன் சேர்த்தல் ஆகியவை இதில் அடங்கும். இது வங்கியின் முடிவுக்கு உட்பட்டது. பொதுவாக, மறுசீரமைக்கப்பட்ட கணக்கு கடன் பதிவேட்டில் அவ்வாறே குறிக்கப்படும்.

கடன் மாற்றம்: வட்டி குறைவான வேறு நிறுவனத்துக்குக் கடனை மாற்றுதல். 2012 முதல் தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கிகள் கட்டணம் வாங்க இயலாது. தவணை தவறிய கணக்கைப் பிற நிறுவனங்கள் ஏற்பது அரிது என்பதால், இவ்வழி தொடக்கத்திலேயே பயன்படும்.

சேமிப்பும் காப்பீடும்: வீட்டுக்கடனைத் திருப்பிச் செலுத்துவதற்காகத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து தொகை பெற விதிகளில் இடமுண்டு. கடனுடன் சேர்த்து ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தால், கடனாளி இறக்கும்போது காப்பீட்டு நிறுவனம் கடன் நிலுவையைச் செலுத்தும். குடும்பத்தினர் இக்காப்பீட்டை அறியாது தவணை செலுத்தி வருவதும் உண்டு. கடன் ஒப்புதல் கடிதத்திலும் கணக்கு அறிக்கையிலும் காப்பீட்டுக் கட்டணம் பற்றிய குறிப்பைக் காணலாம்.

உடன்பாட்டு விற்பனை: வங்கியின் ஒப்புதலுடன் கடனாளியே வீட்டை விற்றுக் கடனை அடைத்தல். ஏல விற்பனையைவிட இதில் நல்ல விலை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. வங்கி 60 நாள் அறிவிப்பு அனுப்பிய பின்னர், அதன் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் தடை செய்கிறது.

ஒருமுறைத் தீர்வு: நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, எஞ்சியதை ஒரே முறையாகவோ சில தவணைகளிலோ பெற்றுக் கணக்கை முடித்தல். இதனைக் கடனாளி உரிமையாகக் கோர முடியாது என உச்ச நீதிமன்றம் டிசம்பர் 2021 இல் தீர்ப்பளித்தது. இவ்வாறு முடிந்த கணக்கு, முழுமையாகச் செலுத்தப்பட்டது என்று பதிவாகாமல் 'தீர்வு செய்யப்பட்டது' என்றே பதிவாகும். இது பிற்காலத்தில் கடன் பெறுவதைக் கடினமாக்கும்.

சர்ஃபேசி சட்ட நடைமுறை

முன்னர் வங்கிகள் கடனை மீட்க உரிமையியல் நீதிமன்றங்களையே நாட வேண்டியிருந்தது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் அமைக்கப்பட்டன. 2002 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, சர்ஃபேசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம், நீதிமன்ற ஆணை இல்லாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியது. கூட்டுறவு வங்கிகளும் இச்சட்டத்தைப் பயன்படுத்தலாம் என உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது.

நடைமுறை பின்வருமாறு:

1. பிரிவு 13(2) அறிவிப்பு: கணக்கு செயற்படாச் சொத்தான பின், நிலுவை முழுவதையும் 60 நாட்களுக்குள் செலுத்துமாறு எழுத்து மூலம் அறிவிக்கப்படும்.
2. மறுப்புரை: கடனாளி அறிவிப்புக்கு எதிரான தம் காரணங்களை எழுதி அனுப்பலாம். வங்கி அவற்றை ஏற்காவிடில், 15 நாட்களுக்குள் காரணங்களுடன் பதில் தர வேண்டும்.
3. கையகப்படுத்தல்: 60 நாட்கள் கழிந்த பின் பிரிவு 13(4) இன் கீழ் சொத்து கைப்பற்றப்படும். பெரும்பாலும் முதலில் கதவில் அறிவிப்பை ஒட்டும் 'அடையாளக் கையகம்' நடைபெறும். ஏழு நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழி இதழாக இருக்க வேண்டும்.
4. நேரடிக் கையகம்: குடியிருப்போரை வெளியேற்ற, வங்கி பிரிவு 14 இன் கீழ் மாவட்ட நடுவரின் அல்லது தலைமைப் பெருநகர நடுவரின் உதவியைக் கோரலாம்.
5. ஏலம்: ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு மதிப்பிட்டு, குறைந்தபட்ச விலை குறிக்கப்படும். முதல் ஏலத்திற்கு முன் கடனாளிக்கு 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும்.

வேளாண் நிலத்தின் மீதான பிணையம், ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடன், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக நிலுவை உள்ள கடன் ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது. கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டவர்களுக்குக் கடைசி விலக்கு முக்கியமானது.

தீர்ப்பாயத்தில் முறையீடு

வங்கி மேற்கொண்ட கையகப்படுத்தல் நடவடிக்கையை எதிர்த்து, 45 நாட்களுக்குள் பிரிவு 17 இன் கீழ்க் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. 60 நாள் அறிவிப்பை மட்டும் எதிர்த்து இங்கு முறையிட முடியாது. இப்பொருளில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடுவதைப் பிரிவு 34 தடுக்கிறது. எனவே அங்கு வழக்குத் தொடுப்பவர்கள் 45 நாள் வரம்பை இழந்துவிட நேரலாம்.

தொடக்கத்தில், முறையிட விரும்புவோர் கோரப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டை முன்வைப்பாகச் செலுத்த வேண்டியிருந்தது. ஏப்ரல் 2004 இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பிற பகுதிகளை ஏற்று, இவ்விதியை மட்டும் செல்லாதது என அறிவித்தது. கடனாளியின் மறுப்புரைக்கு வங்கி பதில் தர வேண்டும் என்ற விதியும் அவ்வழக்கைத் தொடர்ந்தே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும் கடனாளி 50 விழுக்காடு செலுத்த வேண்டும். தீர்ப்பாயம் இதனை 25 விழுக்காடு வரை குறைக்கலாம்.

மீட்புரிமை

கடன் முழுவதையும் செலவுகளுடன் செலுத்தி, அடமானச் சொத்தைத் திரும்பப் பெறுவது மீட்புரிமை எனப்படும். 2016 வரை, விற்பனைக்கு அல்லது உடைமை மாற்றத்துக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் இதனைச் செய்யலாம் என்று பிரிவு 13(8) இல் இருந்தது. செப்டம்பர் 1, 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஏல அறிவிப்பு வெளியிடப்படும் நாளுக்கு முன்பாகச் செலுத்த வேண்டும் என மாற்றியது. செப்டம்பர் 2023 இல் செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில், ஏல அறிவிப்பு வெளியானதும் கடனாளியின் இவ்வுரிமை முடிவடைகிறது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏல நாள் வரை காலம் இருக்கிறது எனக் கருதிப் பணம் திரட்டும் குடும்பங்களை இது நேரடியாகப் பாதிக்கிறது.

ஏலத்திற்குப் பின்

ஏலத் தொகையில் செலவுகளும் கடன் நிலுவையும் கழிக்கப்பட்டு, மீதம் இருந்தால் அது உரியவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். தொகை போதாவிடில், எஞ்சிய கடனுக்காகக் கடனாளி மீது வங்கி தனியே நடவடிக்கை எடுக்கலாம். வீட்டை இழப்பதால் மட்டும் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

கடனாளிக்கான பாதுகாப்புகள்

* மீட்பு முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், உறவினர், நண்பர் ஆகியோரிடம் கூறி இழிவுபடுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன (ஆகஸ்ட் 2022).
* தவணை தவறியதற்கான தண்டத்தைக் கூடுதல் வட்டியாக விதிக்கக் கூடாது. தண்டக் கட்டணத்தை அசலுடன் சேர்த்து அதன்மீது வட்டி கணக்கிடவும் கூடாது (ஏப்ரல் 2024 முதல்).
* கடன் முழுவதும் முடிந்தபின் 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் பிழையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் (டிசம்பர் 2023 முதல்).

இவ்விதிகள் மீறப்பட்டால் முதலில் கடன் வழங்கிய நிறுவனத்திடம் முறையிட வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. எனினும் மறுசீரமைப்பை மறுப்பது போன்ற வணிக முடிவுகளைக் குறைதீர்ப்பாளர் மாற்றுவதில்லை.

1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ் மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உடையோர் முதலியோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) வங்கியும் கடனாளியும் உடன்பாட்டுக்கு வரலாம். அங்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அதன் தீர்வுக்கு எதிராக மேல்முறையீடும் இல்லை. எனவே செலுத்த இயலும் தொகைக்கு மட்டுமே உடன்படுதல் வேண்டும்.

கோவிட்-19 காலத் தவணை ஒத்திவைப்பு

மார்ச் 27, 2020 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை அனுமதித்தது. பின்னர் இது ஆகஸ்ட் 31, 2020 வரை நீட்டிக்கப்பட்டது. தவணை ஒத்திவைக்கப்பட்டாலும் வட்டி தொடர்ந்து சேர்ந்தது. மேற்கூறிய 30 இலட்சம் ரூபாய் கடனின் தொடக்கத்திலேயே ஆறு மாதம் ஒத்திவைத்து, தவணைத் தொகையை மாற்றாமல் வைத்திருந்தால், 240 தவணைகள் ஏறத்தாழ 270 ஆகக் கூடும். மார்ச் 23, 2021 அன்று உச்ச நீதிமன்றம் ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிமீது வட்டி வாங்கக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. வட்டியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்ய மறுத்தது. ஆகஸ்ட் 2020, மே 2021 ஆகிய மாதங்களில் அறிவிக்கப்பட்ட தீர்வுத் திட்டங்கள், தனிநபர் கடன்களை இரண்டு ஆண்டுகள் வரை நீட்டித்து மறுசீரமைக்க இடமளித்தன. அத்திட்டங்களுக்கான காலம் முடிந்துவிட்டது.

இவற்றையும் பார்க்க

* இந்திய ரிசர்வ் வங்கி
* அடமானம்
* கடன் மீட்புத் தீர்ப்பாயம்
* மக்கள் நீதிமன்றம்
* கூட்டு வட்டி