பெரம்பலூருக்கு எத்தனை எழுத்து? - கணினித் தமிழ் கடந்து வந்த பாதை

பெரம்பலூர் என்ற பெயரில் எத்தனை எழுத்து? பெ-ர-ம்-ப-லூ-ர், ஆறு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அதையே சி மொழியில் எழுதிய நிரலிடம் கேட்டால் 30 என்று சொல்லும். வேறொரு கட்டளையால் கேட்டால் 10 என்று சொல்லும். பழைய திஸ்கி கோப்பில் எண்ணினால் 7. ஆச்சரியம் என்னவென்றால் நான்கு விடையும் சரிதான்! கணினித் தமிழின் வரலாறே இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது.

ஆளுக்கொரு எழுத்துரு

ஒரு பைட்டில் 256 குறிகள்தான் அடங்கும். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மிச்சமுள்ள 128-ல் தமிழின் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? கொம்பு, கால், சுழி என்று எழுத்தைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த இடத்தில் வைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, ஈழத்தமிழரிடையே பாமினி, தமிழக அலுவலகங்களில் வானவில் என ஒவ்வொன்றும் ஒரு தனிக் கணக்கு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் திரையில் வருவது வெறும் கிறுக்கல்தான்.

1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-ல் மீண்டும் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமானது. எழுத்துருக் குழப்பம் நீடித்ததும் இதே ஆண்டுகளில்தான்.

திஸ்கி முதல் யூனிகோடு வரை

1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதை ஒட்டி உலகத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டைக் கொண்டு வந்தது. ஒன்றாக்கப் போய் மூன்றானது!

இதற்கு முன்பே, 1991-ல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையை ஒட்டியது அது. அதில் ப ஒரு குறி, எகரக் கொம்பு ஒரு குறி. அப்படி எண்ணினால் பெரம்பலூர் 10 குறி. 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆகவே 30.

சி மொழி என்ன செய்தது?

சீன, ஜப்பானிய எழுத்துகள் ஒரு பைட்டில் அடங்காது என்பதால் 1989-ன் சி தரத்திலேயே அகல எழுத்து என்ற வகை வந்துவிட்டது. பல பைட் சரத்தை அகல எழுத்துகளாக மாற்றும் கட்டளை எம்பிஎஸ்-டு-டபிள்யூசிஎஸ். ஸ்டிரிலென் 30 என்று சொல்லும் இடத்தில் இது 10 என்று சொல்லும். ஆனால் முதலில் செட்லோக்கேலை அழைத்து மொழிச் சூழலை அமைக்க வேண்டும். அதை மறந்தால் லினக்ஸில் மாற்றமே நடக்காது. பைட்டுகள் துண்டு துண்டாக வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் கட்டளைகள் 1995-ல் சேர்ந்தன.

திஸ்கியை மாற்றுவது இன்னும் சிக்கலானது. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு முதலிலும் ப பின்னாலும் இருக்கும். யூனிகோடிலோ ப முதலில், கொம்பு பின்னால். எனவே கொம்பைக் கண்டதும் மாற்றி எழுதிவிட முடியாது. அடுத்த எழுத்து வரும்வரை அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். லினக்ஸின் சி நூலகத்தில் 2002-ல் புரூனோ ஹைபிள் எழுதிச் சேர்த்த திஸ்கி மாற்றி இதைத்தான் செய்கிறது. பழைய திஸ்கி கோப்புகளை இன்றும் படிக்க முடிகிறதென்றால் இப்படிப்பட்ட உழைப்பு ஒரு காரணம்.

இன்னும் தீராத கணக்கு

2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும், ஓர் எழுத்துக்கு ஒரே குறி தரும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. டேஸ்-16-ல் பெரம்பலூர் சரியாக 6. ஆனால் இணையமும் கைப்பேசியும் யூனிகோடு பக்கமே போய்விட்டன.

2019-ல் முந்திரி முதலான பழைய கணக்கேட்டுப் பின்னங்களும் அளவைக் குறிகளும் யூனிகோடில் இடம்பெற்றன. அவை 16 பிட்டுக்குள் அடங்காத உயரத்தில் இருக்கின்றன. லினக்ஸில் அகல எழுத்து 32 பிட் என்பதால் முந்திரி ஒன்றுக்குள் அடங்கும். விண்டோஸில் அது 16 பிட்தான், எனவே இரண்டு தேவை. 320-ல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரிக்கு இரண்டு இடம்!

இதெல்லாம் நிரலாளர் கவலை என்று தள்ளிவிட முடியாது. ஒரு படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கினால் 24 பைட் உள்ள அரியலூர் அதில் அடங்காது. "அரியலூ" வரை வந்து, கடைசி ர் சிதைந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழிலோ நிலப் பத்திரத்திலோ அப்படி நேர்ந்தால் அலைய வேண்டியது அந்த ஊர்க்காரர்தான். எழுத்தை எண்ணும் முன் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியம்.