முதற்பிழையைத் தாங்கிய பாவை

எத்தொழிலாயினும் பழகுபவர் பிழைசெய்தே தேறுகின்றனர். தச்சன் தவறினால் மரம் வீணாகும். வைத்தியன் தவறினால் உயிர் போகும்.

இவ்விக்கட்டுக்கு வழிகண்டவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு மருத்துவிச்சி மதாம் து குத்ரே. 1759ஆம் ஆண்டிற் பதினைந்தாம் லூயி மன்னன், நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிரசவக் கலையைக் கற்பிக்குமாறு அவரைப் பணித்தான். அவர் தாயின் இடுப்பையும் குழந்தையையும் துணியாலும் தோலாலும் பாவையாக அமைத்து, ஊர் ஊராகக் கொண்டுசென்றார். குழந்தை குறுக்கே கிடப்பின் யாது செய்வது, கால் முன்னே வரின் யாது செய்வது என்பவற்றை எழுத்தறியாத பெண்களும் அப்பாவையைத் தொட்டுத் தொட்டே பயின்றனர்.

பின்னாளிற் பாவைக்குத் துணையாகக் கணினித்திரை வந்தது. 2002ஆம் ஆண்டு வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வில், சத்திரசிகிச்சை பயிலும் 16 வைத்தியர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர், தேர்ந்தவர்களின் திறனளவை எட்டும்வரை, கணினி காட்டிய மாயவெளியிற் கருவிகளைக் கையாண்டு பழகினர். மற்றையோர் வழக்கமான முறையிலேயே பயின்றனர். பின்னர் உண்மை நோயாளரின் பித்தப்பையை அகற்றியபோது, கணினியிற் பழகியோர் செய்த பிழைகள் மற்றையோர் செய்தவற்றுள் ஆறிலொரு பங்கே.

பாவையோ திரையோ நோயாளிக்கு ஈடாகாது. ஆயினும் பழகுபவரின் முதற்பிழையை அது ஏற்றுக்கொள்கின்றது. அப்பிழையின் வலி எவ்வுயிரையும் சேர்வதில்லை.