மாட்டாஸ்பத்திரியும் நாய்ச் சீப்பும்



நம் இலஞ்சி, தென்காசிப் பக்கம் இன்றைக்கும் கால்நடை மருந்தகத்தை ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. இப்போது நம்மில் பலர் வீட்டில் நாய் வளர்க்கிறோம். குளிப்பாட்ட, முடி வெட்ட, நகம் வெட்ட என்று தனிக் கடைகளும் வந்துவிட்டன. அதனால் அந்த வரலாற்றைச் சொல்ல இதுவே சரியான நேரம் என்று நினைக்கிறேன்.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ஜெலா தொடங்கினார். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்தான் அதற்கு முக்கியக் காரணம். இந்தியாவிலும் அதே கதைதான். 1889-ல் புனேயில் கால்நடை நோய் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கியது. 1893-ல் அது இமயமலையின் முக்தேஸ்வருக்குப் போனது. 1903-ல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. ஏர் மாடும் வண்டிக் குதிரையும் செத்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம். நாய் செத்தால் யாருக்கு நஷ்டம்? வரிசையில் அது கடைசியாகத்தான் நின்றது.

அப்படியானால் நாயைப் பார்த்துக்கொண்டது யார்? பாரிசில் சேன் ஆற்றுப் பாலங்களின் ஓரம் நாய்க்கு முடி வெட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முடி வெட்டிய அதே கையால் காது நறுக்குவார்கள், பூனைக்கு விதை நீக்குவார்கள். கத்தரி எங்கே நிற்க வேண்டும், மருத்துவம் எங்கே தொடங்க வேண்டும் என்ற கோடு அன்று கிடையாது.

நம்மூரிலும் அந்தக் கோடு வெகுநாள் இல்லை. நாய்க்குச் சொறி வந்தால் பழைய என்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். நாய் அதை நக்கும். விஷம் உள்ளே போகும். சொறியில் இரண்டு முக்கிய வகை உண்டு. ஒன்று மனிதருக்கும் ஒட்டும், மற்றது ஒட்டாது. கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். உண்ணியும் அப்படித்தான். உண்ணியை நாம் பிடுங்கிவிடலாம்; அது ரத்தத்தில் விட்டுப்போன கிருமியைப் பிடுங்க முடியாது. ஈறு வெளுத்து, காய்ச்சலோடு, தின்னாமல் படுத்துவிட்டால் அது குளிப்பாட்டிச் சரியாகிற விஷயமே இல்லை.

பக்கத்து ராஜபாளையத்து நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம். குட்டை முடி, ஈரத்துணியும் சீப்பும் போதும். ஆனால் அந்த வெள்ளை நிறத்துக்கு ஒரு விலை உண்டு. நிறமி இல்லாத காரணத்தால் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கின்றன. ‘சொன்ன பேச்சு கேட்காத நாய்’ என்று அடி வாங்கும் குட்டிக்கு வேண்டியது மருத்துவரின் பரிசோதனை.

இந்தக் கோட்டைத் தாண்டினால் மனித உயிரே போகும் இடம் ஒன்று உண்டு. வெறிநோயில் ஒரு வகையில் நாய் யாரையும் கடிக்க ஓடாது. தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து கைவிடாதீர்கள். பாஸ்டர் 1885-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். ஆனால் அந்தச் சிகிச்சை தெற்கே வர 22 ஆண்டுகள் ஆயின. அதுவரை 1900-ல் தொடங்கிய இமாசலத்துக் கசௌலிக்குத்தான் ரயிலேற வேண்டும். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடை உதவியோடு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. இன்று கடிபட்டாலோ பல் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

இவ்வளவும் சொல்வது சீப்பைக் குறைத்துப் பேச அல்ல. நோயை முதலில் கண்டுபிடிப்பது சீப்புப் பிடித்த கைதான். காதில் நாற்றம், தோலுக்கடியில் கட்டி, வட்டமாக முடி உதிர்தல், புண்ணில் புழு, தொட்டால் சிணுங்கும் கால், இதெல்லாம் கைக்குத்தான் தெரியும். தெரிந்ததும் கை அங்கே நின்றுவிட வேண்டும். 2012 முதல் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கும் நாயைக் கொண்டுபோகலாம். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்து, வெறிநோய் ஊசி போட்ட தேதியைப் பாருங்கள். ஓராண்டு ஆகியிருந்தால் நாளைக் காலையே கிளம்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார், இலஞ்சி.