எழுத்துப் பயிற்சி: அமெரிக்கக் கல்லூரிகளில்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்க்கு உரைநடை எழுதக் கற்பிக்கும் துறை, பண்டைக் கிரேக்கரும் ரோமானியரும் வளர்த்த நாவன்மைச் சாஸ்திரத்தின் வழிவந்தது. பிரசங்க மேடையையும் நீதிமன்றத்தையும் கருதியே மாணவரைப் பழக்கிவந்த அச்சாஸ்திரம், சார்லஸ் எலியட் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராக விளங்கிய காலத்தில் (1869-1909), எழுத்துக் கட்டுரைக்கு இடங்கொடுத்து ஒதுங்கிற்று. 1874-இல் அங்கே நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை கட்டாயமாயிற்று. நல்ல பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுங்கூடப் பிழை மலிந்த நடையில் எழுதக் கண்ட ஆசிரியர்கள், ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்பாரின் முயற்சியால், 1885-இல் முதலாண்டு மாணவர்க்கு 'இங்கிலீஷ் ஏ' என்னும் பாடத்தை வகுத்தனர். அங்கே ஆசிரியராயிருந்த பாரெட் வெண்டல் நாள்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதிவரப் பணித்தார். பிற கல்லூரிகளும் இம்முறையைப் பின்பற்றவே, எழுத்துப் பயிற்சி பிழை திருத்தும் காரியமாக நெடுங்காலம் சுருங்கிக் கிடந்தது.

1949-இல் கட்டுரை ஆசிரியர்கள் தமக்கென ஒரு மாநாட்டுச் சபையை நிறுவினர். 1971-இல் ஜேனட் எமிக், பள்ளி இறுதி வகுப்பினர் எண்மரை எழுதும்போதே வாய்விட்டுச் சிந்திக்கச் செய்து, எழுத்து நேர்கோட்டில் நடவாமல் முன்னும் பின்னும் சென்று உருப்பெறுவதைக் காட்டினார். முடிந்த கட்டுரையை அன்றி, அது உருவாகும் கிரியையைக் கற்பிக்க வேண்டுமென டொனால்டு மரேயும், ஆசிரியரின்றியே மாணவர் ஒருவர் எழுத்தை ஒருவர் கேட்டு வளரலாமெனப் பீட்டர் எல்போவும் அடுத்தடுத்து எழுதினர்.

ஆயினும், பிழையை வெறுத்தொதுக்காமலும் பாராமுகமாய் விடாமலும் அதனைச் சிரத்தையுடன் வாசித்த பெருமை மைனா ஷாநெஸிக்கே உரியது. 1970-இல் நியூயார்க் நகர சர்வகலாசாலை, உயர்நிலைப் பள்ளியில் தேறிய நகரவாசிகள் அனைவர்க்கும் கதவைத் திறந்தபோது, ஏழைக் குடும்பங்களிலிருந்தும் வேற்றுமொழி பேசும் இல்லங்களிலிருந்தும் வந்த மாணவர் அதன் அங்கமான சிட்டி கல்லூரியில் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை அவ்வம்மையார் ஆராய்ந்து, 1977-இல் 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்ற நூலை வெளியிட்டார். அரைகுறையாய்க் கற்ற விதியைப் பொருந்தாத இடத்திலும் பிரயோகித்தல், பேச்சின் போக்கிலேயே வாக்கியத்தை நீட்டுதல் எனப் பிழை ஒவ்வொன்றுக்கும் காரணமுண்டென்றும், அவர்கள் அறிவில் குறைந்தோரல்லர், எழுத்துக்குப் புதியோர் மாத்திரமே என்றும் அந்நூல் நிறுவியது. வாக்கியச் செம்மையிலேயே அது அதிகம் நின்றுவிட்டது என்ற கண்டனம் பின்னர் எழுந்தது. சர்வகலாசாலைக்குரிய பேச்சுமுறையையே மாணவர் புதிதாக வரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என 1985-இல் டேவிட் பார்த்தலமே எழுதியது, அக்குறையை ஓரளவு நிறைவு செய்தது எனலாம்.

ஷாநெஸி 1978-இல் காலமானார். இருபதாண்டுகளுக்குப் பின், அதே சர்வகலாசாலையின் நிர்வாகிகள் தம் நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து இத்தகைய மாணவர்க்குரிய அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நீக்கத் தீர்மானித்தனர். அவர் நூல் கற்பித்ததற்கு முற்றிலும் மாறான முடிவு அது.