கஸ்ஸாலிக்குக் கட்டிப்போன நாக்கும் எங்கட ஊர் கோச்சிங்கும்

1095ஆம் ஆண்டு பக்தாதில ஒரு பேராசிரியருக்கு நாக்குக் கட்டிப்போச்சு. அவர்தான் இமாம் கஸ்ஸாலி. நிஸாமிய்யா கல்லூரியில 1091இலிருந்து பாடம் நடத்தியவர். 300 மாணவர்கள் தன்னிடம் படித்ததாக அவரே எழுதுகிறார். திடீரென்று வாய் திறக்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. இது உள்ளத்தில் தொடங்கிய நோய், மருந்து கேட்காது என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். வருட முடிவில் பதவியை விட்டுவிட்டு டமஸ்கஸ் போனார்.

இன்றைக்கென்றால் இதற்கு 'பர்ன்அவுட்' என்று பெயர் வைத்து, மைண்ட்ஃபுல்னஸ் கோச் ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். ஆனா அவர் பயந்தது வேலைப்பளுவுக்கு இல்லை. அல்லாஹ்வுக்காகப் படிப்பிக்கிறேனா, பேருக்காகவா என்ற நிய்யத்தைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய 'இஹ்யா'வில் முராகபா, முஹாஸபா பற்றி ஒரு பாகம் வருது. சுபஹ் தொழுதுவிட்டு, வியாபாரி தன் பங்காளியோட பேசுவது போல நஃப்ஸோட ஒப்பந்தம் போடு; பகல் முழுக்கக் கவனி; இரவில் கணக்குப் பார். கோச்சிங் வகுப்பில் காலையில் இலக்கு, இடையில் அவதானிப்பு, முடிவில் மீளாய்வு என்று படிப்பிக்கிறதும் ஏறக்குறைய இதுதான். கல்முனை பஸாரில் கடை வைத்திருக்கிற எந்த வாப்பாவுக்கும் இந்த உவமை உடனே விளங்கும்.

'மைண்ட்ஃபுல்னஸ்' பௌத்த சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று எங்கட நண்பர்களில் சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். அந்த ஆங்கிலச் சொல்லை இந்தப் பொருளில் நிலைக்க வைத்தவர் ரீஸ் டேவிட்ஸ். இலங்கையில் காலனி அதிகாரியாக இருந்தபோதே பாளி படித்தவர். 1881இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'சதி' என்ற பாளிச் சொல்லுக்கு அதை வைத்தார். 'சதி'யின் வேர்ப்பொருள் நினைவு. 'திக்ர்' என்ற அரபுச் சொல்லுக்கும் நினைவுகூர்தல் என்றே பொருள். இரண்டும் ஒன்று என்று நாம சொல்ல வரவில்லை. திக்ரில் நினைக்கப்படுகிறவன் இருக்கிறான். அங்கே கவனமே பயிற்சி.

1979இல் ஜோன் கபட்-சின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் இதை மத அடையாளம் இல்லாத பயிற்சியாக்கினார். நாள்பட்ட வலியோட வந்த நோயாளிகளுக்கு. 2007இல் கூகுள் தன் ஊழியர்களுக்கே இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கியது. நோயாளியிடமிருந்து ஊழியருக்கு வந்த அந்த இடத்தில்தான் எங்களுக்கு இடிக்குது. வேலை அப்படியே கிடக்க, மூச்சை மட்டும் சரிபண்ணச் சொல்கிறாங்க.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் கோடு போட்டது தியானம் மட்டுமில்லை, சட்டமும்தான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்தது. மருதமுனையில் வீட்டுத் தறியில் இருக்கிறவருக்கு அது எட்டாது. சாரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தறி நின்றால் வருமானம் நிற்கும், தறி இருக்கிறது வீட்டுக்குள்ளேயே. பக்கத்தில் உம்மா நூல் சுத்துறா, அவவின் மணித்தியாலங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கஸ்ஸாலி பக்தாதை விட்டுப் போகும்போது, பிள்ளைகளுக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மிச்சச் சொத்தைக் கொடுத்தார். அவரால் ஒதுக்க முடிந்தது.