பூட்டிய வீடும் பொதுக் கிணறும்

நாம் கற்பிக்கும் தீவகப் பாடசாலைக்குச் செல்லும் ஒழுங்கையிலே நாற்சார் வீடு ஒன்று உண்டு. ஊரவர் அதனைப் 'பென்சனியர் வளவு' என்பர். கட்டியவர் மலாயாவிலே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் இன்று ரொறன்ரோ மாநகரில், தாமும் ஓய்வு பெற்றவராய், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் வாழ்கின்றார். தீவகத்து வீட்டின் கதவிலே பூட்டுத் தொங்குகின்றது. வளவின் மூலையிலுள்ள ஓலைக் கொட்டிலில் ஒரு குடும்பம் குடியிருக்கின்றது. அக்குடும்பத்துப் பிள்ளை எமது மாணவி. அவளுடைய தாயார் வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது காணி உறுதியைக் கேட்டார்கள். உறுதியோ கடலுக்கு அப்பால் இருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்தது.

ஓர் ஊர் யாருக்கு உரியது? உறுதியை வைத்திருப்பவருக்கா, கிணற்றில் நீர் அள்ளுபவருக்கா? இவ்வினாவை உணர்ச்சி வேகத்தில் விடுத்து உணர்ச்சி வேகத்திலேயே விடை கூறுவோர் பலர். வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே எமது நோக்கம்.

தீவகத்து மண் வளமற்றது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண். சற்று ஆழத் தோண்டினால் உவர் நீர். பனையும், புகையிலையும், மாரி மழையை நம்பிய ஒரு போக நெல்லும், கடலுமே வாழ்வாதாரம். ஆகவே இம்மக்கள் நெடுங்காலமாக வெளியே சென்று உழைத்தவர்கள். ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பல் ஓடியது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆகிய ஊரவர்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். இவ்வரிசையிலே வந்ததுதான் மலாயாப் பயணம்.

மலாயாவில் தைப்பிங் முதல் போட் வெல்ட் வரையான இருப்புப்பாதை 1885 இலும், கோலாலம்பூர் முதல் கிள்ளான் வரையான பாதை 1886 இலும் திறக்கப்பட்டன. ஆங்கிலம் அறிந்த, குறைந்த சம்பளத்துக்கு இசையும் எழுதுவினைஞர்கள் குடியேற்ற அரசுக்குத் தேவைப்பட்டனர். 1816 முதல் அமெரிக்க மிசனரிமார் நடத்திய பாடசாலைகள் அத்தகையோரை யாழ்ப்பாணத்தில் உருவாக்கி வைத்திருந்தன. இலங்கையில் பணிபுரிந்து 1891 இல் சிலாங்கூருக்குச் சென்ற ஸ்பூனர் என்ற பொறியியலாளர், பின்னர் அங்குப் புகையிரதப் பகுதியின் தலைவராகி, யாழ்ப்பாணத்தவரைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டார். நிலைய அதிபர், கிளாக்கர், நில அளவையாளர், மருத்துவ உதவியாளர் என்று அவர்கள் பரவினர்.

ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது. அதே காலத்தில் தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் இறப்பர்த் தோட்டங்களிலும் தண்டவாளங்களிலும் உடலை உருக்கினர். ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாருள் ஒரு சாரார் பேரேட்டை எழுதினர். மறு சாரார் பேரேட்டில் எண்ணாக எழுதப்பட்டனர். தீவகத்துக்கு வந்த மணியோடரிலும் பென்சனிலும் அந்தத் தோட்டத் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருந்தது.

அப்பணம் இங்கு என்ன செய்தது? கல்வீடு கட்டியது, சீதனத்தை உயர்த்தியது, கோயில்களுக்கு மண்டபம் எழுப்பியது, பாடசாலைகள் சிலவற்றைத் தாங்கியது. குளத்தை ஆழப்படுத்தவோ, கடற்றொழிலை வளர்க்கவோ, நிலமற்றோருக்கு நிலம் கிடைக்கவோ அது பெரிதும் உதவவில்லை. 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் வசமிருந்தபோது பணவரவு நின்றது. கல்வீடுகள் பல கலங்கின. வெளியூர்ப் பணத்தின் மேல் நின்ற செழிப்பு எவ்வளவு மெல்லியது என்பதை அந்நான்கு ஆண்டுகள் காட்டின.

எனினும் பென்சனியருக்கு ஒரு சிறப்பு இருந்தது: அவர் திரும்பி வந்தார். கோயில் தர்மகர்த்தாவாக இருந்தார், வழக்குத் தீர்த்தார். சாதிக் கட்டுப்பாட்டைக் காப்பதிலும் முன்னின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை எதிர்த்து நிற்க விரும்பியவன் அவருடைய படலையைத் தட்டி எதிர்த்து நிற்கலாம். ஊர்க் கிணறு வற்றினால் அவருக்கும் தண்ணீர் இல்லை.

திரும்பி வராதோரும் இருந்தனர். அவர்களுடைய வரலாற்றில் எமக்கு ஒரு பாடம் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர் முயற்சியால் 1904 இல் தொடங்கப்பட்டது விவேகானந்த ஆசிரமம். 2014 இல் அறங்காவலர்கள் அவ்வளவிலே 23 மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்ட முயன்றனர். பொதுமக்கள் எதிர்த்துக் கிளர்ந்தனர். முடிவில் அரசு அதனை மரபுரிமையாக அறிவித்தது. உறுதியில் பெயர் உள்ளவரும், நூறாண்டாக ஓரிடத்தைப் பயன்படுத்தி வந்த மக்களும் வெவ்வேறு உரிமையுடையவர்கள் என்பதை அப்போராட்டம் உணர்த்தியது.

இரண்டாவது புறப்பாடு முதலாவதைப் போன்றதன்று. 1958 இலும், 1977 இலும், 1983 இலும் தென்னிலங்கையில் தீவகத்தாரின் கடைகள் எரிந்தன. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இலும் 1991 இலும் படை நடவடிக்கைகளால் தீவகத்து ஊர்கள் வெறிச்சோடின. பாரிசுக்கும், இலண்டனுக்கும், சுவிற்சர்லாந்துக்கும், கனடாவுக்கும் சென்றவர்கள் உத்தியோகம் தேடிச் சென்றவர்கள் அல்லர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள். 1986 ஓகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்ததை உலகம் கண்டது. இம்மக்களை ஊரைத் துறந்தோர் என்று இகழ்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

அன்று சென்ற இளைஞர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டனர். மலாயாப் பென்சனியரைப் போல் இவர்கள் ஏன் திரும்பவில்லை? பேரப் பிள்ளைகள் அங்கே, மருத்துவமனை அங்கே. வேறொரு காரணமும் உண்டு. கனடாவில் இருபது ஆண்டு வாழ்ந்தவர் முதியோர் ஓய்வூதியத்தை எந்த நாட்டிலும் பெறலாம். ஆனால் வருமானம் குறைந்த முதியோருக்கு வழங்கும் மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியும் ஆண்டில் 153 நாட்களேனும் அங்குத் தங்குவதைக் கோருகின்றது. மலாயா அரசின் பென்சன், பெறுபவரை ஊருக்குப் போக விட்டது. இன்றைய உதவித்தொகை, ஏழை முதியவரை அங்கேயே கட்டிவைக்கின்றது. ஆகவே அவர் திருவிழாவுக்கு வந்து, வீட்டைத் திறந்து தூசி தட்டி, மீண்டும் பூட்டிச் செல்கின்றார்.

அவர் அங்கே வாழும் அடுக்குமாடி வீட்டைக் 'கொண்டோ' என்று எம்மவர் சொல்வர். ஒன்ராறியோவில் 1967 இல் இதற்கெனச் சட்டம் வந்தது. வீடு தனியுடைமை, கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்க் குழாய் யாவும் எல்லோருக்கும் பொது. பொதுவானவற்றின் பராமரிப்புக்கு ஒவ்வொருவரும் மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். எதிர்காலத் திருத்தங்களுக்குச் சேமநிதியும் உண்டு. உடைமையாளர் கூடி நிர்வாகக் குழுவைத் தெரிகின்றனர். வேற்றூரில் இருப்பவர் பதிலாளைக் கொண்டும் வாக்களிக்கலாம். கட்டணம் செலுத்தாது விட்டால் வீட்டின் மீதே பற்றுரிமை ஏறும். இறுதியில் வீடு விற்கப்படவும் கூடும். இதிலும் ஒரு குறை உண்டு: வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு இல்லை. எனினும் உடைமையாளர் எங்கு வாழ்ந்தாலும் பொதுப் பாகத்தைத் தாங்கும் கடமையிலிருந்து அவருக்கு விடுதலை இல்லை என்ற நெறி அங்கு உறுதியாக உள்ளது.

இலங்கையும் இதனை அறியாத நாடன்று. 1973 ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு வகுத்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பொதுவுடைமைக் கட்சியின் பீற்றர் கெனமன். அதே ஆண்டிலேயே அடுக்குமாடி உடைமைச் சட்டமும் வந்தது. 2014 ஆம் ஆண்டின் காணிச் சட்டமோ வேடிக்கையான நிலையொன்றைத் தோற்றுவித்தது. வெளிநாட்டவர் காணி வாங்குவதை அது தடுத்தது. அடுக்குமாடியில் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் வாங்க மட்டும் இடங்கொடுத்தது. மாடி வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது. இரட்டைக் குடியுரிமை பெறாத புங்குடுதீவான் ஒருவன் கொழும்பிலே வானத்தில் வீடு வாங்கலாம். தன் பாட்டன் புதைந்த ஊரில் ஒரு பரப்பு நிலம் வாங்க இயலாது.

இனி அரசியலை நோக்குவோம். 1994 ஓகஸ்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்காளர் தொகை ஏறத்தாழ 6 இலட்சம். போர்ச் சூழலில் வாக்களிப்பு நிகழ்ந்தது பெரும்பாலும் படையினர் வசமிருந்த தீவகத்திலேயே. 10,000 ஐச் சற்றுக் கடந்த வாக்குகளைக் கொண்டு ஒரு குழு 10 ஆசனங்களில் 9 ஐப் பெற்றது. மக்கள் இல்லாத மண்ணிலே பிரதிநிதித்துவம் எத்தகைய கேலிக்கூத்தாகும் என்பதற்கு இதனை விஞ்சிய சான்று வேண்டியதில்லை. அதன்பின் மாவட்டத்தின் ஆசனங்கள் 2015 இல் 7 ஆகவும், 2024 இல் 6 ஆகவும் குறைந்தன. வாக்காளர் பதிவைக் கொண்டே ஆசனம் பங்கிடப்படுவதால், பூட்டிய வீடுகள் பெருகப் பெருக எமது குரலும் சிறுத்தது.

வெளிநாட்டில் வாழ்வோர் அங்கிருந்தபடி வாக்களிக்க இலங்கையில் இதுவரை வழி இல்லை. இரட்டைக் குடியுரிமையாளர் நாடாளுமன்றம் செல்வதை 2015 இல் 19 ஆம் திருத்தம் தடுத்தது. 2020 இல் 20 ஆம் திருத்தம் தடையை நீக்கியது. 2022 இல் 21 ஆம் திருத்தம் மீண்டும் தடுத்தது. ஆனால் வாக்கு இல்லை என்பதனால் செல்வாக்கு இல்லை என்று கருதுவது பேதைமை. எவ்வேட்பாளருக்குப் பணம் சேர்ப்பது, எம்முழக்கத்தை உயர்த்துவது, எக்கோயிலுக்குக் கோபுரம் எழுப்புவது என்பனவெல்லாம் பெருமளவு கடலுக்கு அப்பால் முடிவாகின்றன. விளைவைத் தாங்குபவர்களோ குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்து நிற்பவர்கள். 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 3 ஆசனங்களைப் பெற்றபோது புலம்பெயர்ந்தோரிற் பலர் திகைத்தனர். அவ்வாக்குகள் சரியா பிழையா என்பது வேறு விவாதம். அவற்றை அளித்தோரின் அன்றாட வாழ்வைத் தொலைவிலிருந்தோர் அறிந்திருக்கவில்லை என்பதே எமக்கு முக்கியம்.

நிலத்தின் கதைக்குத் திரும்புவோம். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் நெல் வயலாயின் 25 ஏக்கருக்கும், ஏனைய நிலமாயின் 50 ஏக்கருக்கும் மேற்பட்ட உடைமையையே தொட்டது. பரப்புக் கணக்கில் நிலம் வைத்திருந்த யாழ்ப்பாணத்தை அது தீண்டவில்லை. எமது நிலப்பிரபு ஒரு பெருவளவின் சொந்தக்காரர் அல்லர். ஆறு நாட்டில் வாழும் ஆறு உடன்பிறந்தாரின் பிரிக்கப்படாத பங்கு என்னும் உருவிலே அவர் நிற்கின்றார். ஒருவர் கையொப்பம் இடாவிட்டால் ஒன்றும் நடவாது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுக்கப்பட்ட தேசவழமை வேலிக்கு அப்பால் சாய்ந்த மரத்தின் பயன் யாருக்கு என்பதைக்கூடப் பேசியது. கடலுக்கு அப்பால் சாய்ந்துவிட்ட உடைமையைப் பற்றிப் பேச அதற்குத் தேவை எழவில்லை.

உடைமையாளரின் அச்சம் பத்தாண்டு ஆட்சியைப் பற்றியது. தடையின்றிப் பத்து ஆண்டு ஆண்டவர் உரித்துப் பெறலாம் என்கின்றது 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். ஆகையினாலே எவரையும் குடியிருத்த அஞ்சுகின்றனர். இருத்தினாலும் நிலையான சுவரோ கிணறோ அமைக்க விடுவதில்லை. ஆனால் உடைமையாளரின் அனுமதியோடு இருப்பவர் வெறும் காலக் கழிவினால் உரித்துப் பெறார் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கொள்கை. போரினால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாது போனோருக்கு 2016 இல் தனிச் சட்டமும் பாதுகாப்பளித்தது. ஆகவே நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய ஒரு நீண்ட குத்தகை, குடியிருப்பவருக்குக் கூரை தருவதோடு உடைமையாளரின் உரித்தையும் காக்கும். சட்டம் இடந்தருகின்றது, மனம் இடந்தரவில்லை. அம்மனத்திலே சாதியும் ஒளிந்திருக்கின்றது. கொட்டிலில் இருப்போர் யார், நாற்சார் வீட்டுக்கு உரியோர் யார் என்பதை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உடைமையைப் பறிக்குமாறு நாம் கூறவில்லை. அடித்து விரட்டப்பட்டவனின் உறுதியைப் பறிப்பது அவனை இரண்டாம் முறை விரட்டுவதாகும். நாம் கேட்பது ஒன்றே. பதினோராம் மாடியில் வாழும் பெரியவர், தாம் ஒருபோதும் ஏறாத படிக்கட்டுக்கும் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றார். அதனை நியாயம் என்றும் ஏற்கின்றார். தீவகத்திலே அவருடைய வீட்டுக்கும் ஒரு பொதுப் பாகம் உண்டு. உவர் நீரைத் தடுக்கும் அணை, மழைநீர் தேங்கும் குளம், ஒழுங்கை, பாடசாலை, நன்னீர்க் கிணறு ஆகியவை அவை. அவற்றைப் பேணுபவர்கள் நிலமற்ற அயலவர்களே. கோபுரத்துக்கு அளிப்பது கொடை. குளத்துக்கு அளிப்பது கடன். அக்கடனைப் பிரதேச சபையும் ஊர்ச் சங்கங்களும் கணக்கு வைத்துக் கேட்க வேண்டும். கொடுப்பவருக்கு அக்கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. எதனை முதலிற் செய்வது என்ற முடிவு இங்கே வாழ்வோருடையதாக இருத்தல் வேண்டும்.

எமது மாணவியின் பொருட்டு அவ்வீட்டுப் பெரியவருக்குக் கடிதம் எழுதினோம். அன்பான மறுமொழி வந்தது. கொட்டில் நிற்கும் ஒன்றரைப் பரப்பைக் குத்தகைக்கு எழுதித் தர அவர் இசைந்தார். உடன்பிறந்தார் ஐவர். நால்வர் இசைவுக் கடிதம் அனுப்பிவிட்டனர். ஐந்தாமவரின் கடிதத்துக்காக ஒரு குடும்பம் இம்மாரியையும் ஓலைக் கூரையின் கீழேயே கழிக்கின்றது. இதனை வாசிக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய ஒரு கடிதம் எழுதப்படாமல் இருக்கக்கூடும். பூட்டிய வீடுகளைக் கணக்கெடுங்கள், வளவின் மூலையில் வாழ்வோர் யாரென்று கேளுங்கள், எழுதுங்கள்.